கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

வணக்கம். நிரல் எழுதுவதைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. அதற்கு முன்னால், என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுகிற வேலை இருக்கிறதே, அதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன்.

ஒரு ஹார்டுவேர் கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்தேன். முதலாளி சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதி, கையெழுத்தும் வாங்கினேன். ஓடவிட்ட முதல் நாளே கணக்குப்பிள்ளை கேட்டார்: “தம்பி, கொத்தனார் பத்து மூட்டை சிமெண்ட் எடுத்துட்டுப் போய், ரெண்டைத் திருப்பிக் கொண்டாந்தா எதுல போடறது?” எனக்கு வாயடைத்துவிட்டது. முதலாளி மறைக்கவில்லை. தினமும் நடப்பதுதானே, அதைச் சொல்லவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கணக்குப்பிள்ளையின் மேசை டிராயரில் அதற்கென்றே ஒரு நோட்டு இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் நானே பார்த்திருப்பேன்.

சின்னக் கடை, சரிசெய்துவிட்டேன். லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கதை அப்படியில்லை. 1992 அக்டோபர் 26 அன்று, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதைக் கணினியே முடிவுசெய்யும் முறைக்கு மாறினார்கள். தேவை ஆவணம், அதாவது என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதியது, மிக விரிவானதுதான். ஆனால் அதை எழுதியபோது வண்டியில் போகிற ஊழியர்களை அதிகம் கேட்கவில்லை. ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது என்ற தகவல் பிசகாமல் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பி எல்லாவற்றையும் கட்டியிருந்தார்கள். உயிருக்குப் போராடுகிறவரைத் தூக்கி ஏற்றுகிற அவசரத்தில், வண்டியின் நிலையைத் தெரிவிக்கிற பொத்தான்களை வரிசை தவறாமல் யார் அழுத்துவார்கள்? ஒரே அழைப்புக்கு இரண்டு வண்டிகள் போயின. வேறிடத்தில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். மறுநாளே பாதி வேலையைக் கையால் செய்யும் நிலைக்குத் திரும்பினார்கள்.

சரி, எழுதுவதற்கு வருவோம். ‘பில் வேகமாக வர வேண்டும்’ என்று எழுதினால் நாளைக்குச் சண்டைதான். ‘20 பொருள் உள்ள பில் 3 நொடிக்குள் அச்சாக வேண்டும்’ என்றால் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிடலாம். ‘எளிமையான’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு இப்போது சந்தேகம். யாருக்கு எளிமை? அப்புறம், நடுவில் கரண்ட் போனால் என்ன, பாதி பில்லில் வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் என்ன என்று அலுக்காமல் கேளுங்கள்.

எழுதியதை வேலை செய்கிறவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கடையில் அப்படித்தான் செய்தேன். நாலாவது வரியிலேயே அந்தக் கணக்குப்பிள்ளை நிறுத்தி, “இது எங்க கடையில கிடையாதே தம்பி” என்றார்.