நிலாவில் கறை தெரியட்டும்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

புகைப்படம் பழகுகிறவர்கள் கூடி ஒருவர் படத்தை ஒருவர் பார்க்கும்போது, ஆளை வளர்ப்பது பாராட்டா, விமர்சனமா? இதுதான் தலைப்பு. விமர்சனமே என்று பேச வந்திருக்கிறேன். காரணங்களை வரிசையாக எழுதித்தான் கொண்டுவந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி ஒரு வரி சொன்னார், நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். "இந்த விமர்சகர்களிடம் நிலாவைக் காட்டிப் பாருங்கள், நிலா கண்ணுக்குத் தெரியாது, அதில் இருக்கிற கறைதான் தெரியும்" என்றார். அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் நான் வேறு எதையும் பேச முடியாது. எழுதிக்கொண்டு வந்த காகிதம் பையிலேயே இருக்கட்டும். முதலில் அந்த நிலாவுக்கு வருவோம்.

அம்மா, நீங்கள் நிலாவைப் படம் எடுத்திருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு தம்பி எடுத்தான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற நீள லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தான். நீள லென்ஸ் கைக்கு வந்த யாரும் முதலில் நிலாவைத்தான் பார்ப்பார்கள், அது இயற்கை. மாடிக்குப் போனான், முக்காலி போட்டான், எடுத்தான். 300 மி.மீ. லென்ஸ் போட்டாலும் கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் விழுகிற நிலா மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் சுற்றிலும் இருந்த இருட்டை வெட்டிவிட்டு, நிலாவைப் பெரிதாக்கிக்கொண்டு எங்கள் கூட்டத்துக்கு வந்தான்.

முதல் நண்பர் பார்த்தார். "அருமை தம்பி!" இரண்டாமவர், "செம!" மூன்றாமவர் கொஞ்சம் இலக்கிய ரசிகர். "கவிதை மாதிரி இருக்கு" என்றார். தம்பி முகத்தில் அவன் எடுத்த நிலாவைவிட அதிக வெளிச்சம். நான்காவதாக ஒரு பெரியவர். அதிகம் பேசமாட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். கூட்டமே அமைதியாகிவிட்டது. அப்புறம் கேட்டார்: "தம்பி, நிலா எங்கே?"

அவன் பதறிப்போய் விரல் வைத்துக் காட்டினான். "இதோ ஐயா, நடுவில." அவர் தலையை ஆட்டினார். "அது வெள்ளை வட்டம்ப்பா. நிலா எங்கே?"

நடுவர் அவர்களே, அந்தப் பெரியவர் கேட்டது கறையைத்தான். கறை தெரியவில்லையே என்று கேட்டார். இருட்டு வானத்தைப் படம் எடுத்தால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஏமாந்துபோகும். அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். முக்கால்வாசி இருட்டு இருந்தால், ஐயோ வெளிச்சம் போதவில்லை என்று ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும். ஆனால் நிலா இருட்டில் இல்லை. பகலில் நம் தலைமேல் அடிக்கிற அதே சூரியன்தான் அங்கேயும் அடிக்கிறது. நிலாவில் அது பட்டப்பகல்! பட்டப்பகலில் இருக்கிற பொருளை இரவுக்கான கணக்கில் எடுத்தால் வெளுத்துத்தான் போகும். அப்படி வெளுத்துப்போன இடத்தைப் பிறகு கணினியில் வைத்து எவ்வளவு கெஞ்சினாலும் திரும்ப வராது.

பெரியவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். லென்ஸின் திறப்பு எஃப் 11, சென்சாரின் ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நூறில் ஒரு பங்கு நொடி. முழுநிலாவுக்குப் பழங்காலத்திலிருந்து வருகிற வாய்பாடு அது. தம்பி அன்றிரவே போய் எடுத்தான். அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது படத்தில் கறை கறையாக இருந்தது. அந்தக் கறை என்ன தெரியுமா? முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நிலாவில் எரிமலைக் குழம்பு பரவி இறுகிப்போன சமவெளிகள். பாட்டி கதையில் முயல் என்று காட்டினார்களே, அந்த முயல் இப்போதுதான் அவன் படத்துக்குள் வந்தது.

ஆக, நிலாவைக் காட்டினால் கறையைப் பார்க்கிறார் என்பது எங்களுக்கு வசை இல்லை அம்மா. கறை தெரிகிற நிலாதான் சரியாக எடுத்த நிலா. நீங்கள் குத்துவதற்குக் கொண்டுவந்த ஊசியிலேயே எங்கள் அணிக்கு மாலை கோத்துக் கொடுத்துவிட்டீர்கள்!

கதை முடியவில்லை. இந்தப் படத்தையும் எல்லாரும் புகழ்ந்தார்கள். முதல் நண்பர், "அருமை தம்பி!" அதே அருமை. இரண்டாமவர், "செம!" அதே செம. நன்றாகக் கவனியுங்கள். வெளுத்த நிலாவுக்கும் அதே சொல், தெளிந்த நிலாவுக்கும் அதே சொல். அப்படியானால் அவன் முன்னேறினானா இல்லையா என்பதை அந்தச் சொல்லை வைத்து அவன் எப்படித் தெரிந்துகொள்வான்? பெரியவரிடம் வந்தது படம். துடைத்தார், கிட்டே வைத்தார், எட்ட வைத்தார். "கறை வந்திடுச்சு. நல்லா வந்திருக்கு. குழி எங்கே?"

தம்பிக்குக் கோபம். "போன தடவை நிலா எங்கேன்னார், இப்ப குழி எங்கேங்கிறார்" என்று என்னிடம் முணுமுணுத்தான். பெரியவர் விளக்கினார். முழுநிலாவில் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, நிழலே விழாது. நிழல் இல்லாமல் குழி தெரியாது. பாதி நிலா நாளில் எடு, வெளிச்சமும் இருட்டும் சேருகிற கோட்டை ஒட்டிப் பார். அங்கே அப்போதுதான் பொழுது விடிகிறது, சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு குழியின் விளிம்பும் நீளமாக நிழல் போடும் என்றார். ஆனால் பாதி நிலா முழுநிலாவை விட நன்றாக மங்கல், அதனால் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள் என்றும் சொன்னார்.

தம்பி காத்திருந்து பாதி நிலாவை எடுத்தான். இந்த முறை எங்கள் கூட்டத்துக்குள் நுழைந்தவன் "அருமை" சொன்ன நண்பரைத் தாண்டினான், "செம" சொன்னவரைத் தாண்டினான், கவிதைக்காரரையும் தாண்டி நேராகப் பெரியவர் முன்னால் போய் நின்றான். "ஐயா, இதுல என்ன குறை?" என்றான். யாரிடம் போனால் தன் படம் வளரும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பட்டிமன்றத்துக்கு அவன் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டான்.

நிலா என்றதும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸைச் சொல்லாமல் போக முடியாது. 1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் எழுந்த நிலாவைச் சாலையோரத்தில் நின்று எடுத்தார். லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனத்தில் இருந்தது, அதை வைத்தே கணக்குப் போட்டார். ஒரே ஒரு படம். இரண்டாவது எடுப்பதற்குள் அந்த ஊர்க் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. உலகமே அந்தப் படத்தைக் கொண்டாடியது. அவர் என்ன செய்தார்? திருப்திப்படவில்லை. 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மறுபடி ரசாயனத்தில் இட்டு அழுத்தம் கூட்டினார். பிறகும் பல பத்தாண்டுகள் அச்சிட அச்சிட வானத்தை இன்னும் கருமையாக்கிக்கொண்டே போனார். உலகம் பாராட்டிய பிறகும் தன் படத்தில் குறை தேடிய கை அது.

சரி, "மனம் நோகும்படிப் பேசுகிறார்களே" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம். படத்தைப் பார்க்காமல் கேமரா என்ன விலை என்று கேட்பவர், புதிதாக வந்த பெண் பிள்ளையைப் பத்துப் பேர் நடுவில் சிறுமைப்படுத்துபவர், இவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. அவர்கள் படத்தைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பார்க்காதவர் விமர்சகர் ஆக முடியாது.

பார்த்தவர் எப்படிப் பேசுவார் என்பதற்கு ஒரு சான்று. நியூயார்க்கில் பால் ஸ்ட்ராண்ட் என்று ஓர் இளைஞர். அந்தக் காலத்து வழக்கப்படி மென்மையாகத் தெரிகிற லென்ஸைப் போட்டு, பனி படர்ந்தது போல் படம் எடுப்பார். அதை ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுபோய்க் காட்டுவார். 291 என்ற புகழ்பெற்ற காட்சிக்கூடத்தை நடத்தியவர் ஸ்டீக்லிட்ஸ். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இந்த லென்ஸில் புல்லும் தண்ணீரும் மரப்பட்டையும் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் உரிய தன்மை போய்விடுகிறது. இதில் ஒரு வசைச் சொல் இருக்கிறதா? "நீ ஒரு கலைஞனா" என்று கேட்டாரா? புல்லைப் பற்றிப் பேசினார், தண்ணீரைப் பற்றிப் பேசினார். ஸ்ட்ராண்ட் தன் வழியை மாற்றிக்கொண்டார். தெளிவான, கூர்மையான படங்கள் வந்தன. ஸ்டீக்லிட்ஸ் நடத்திய 'கேமரா வொர்க்' இதழின் கடைசி வெளியீடு 1917-இல் வந்தது. அதில் இருந்த படங்கள் ஸ்ட்ராண்டுடையவை. குறை சொன்ன அதே மனிதர்தான் அவற்றை அச்சில் ஏற்றினார்!

அடுத்து விவியன் மேயர். "யார் விமர்சித்து அவர் வளர்ந்தார்?" என்று எதிரணியில் கேட்டார்கள். நல்ல கேள்வி. சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டு, தெருவில் நடந்து நடந்து ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தவர். யாரிடமும் காட்டியதில்லை என்றே சொல்லலாம். 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் படங்கள் வெளியே தெரிந்தன. 2009-இல் அவர் இறந்துபோனார். குறை சொல்ல ஆள் இல்லை, உண்மைதான். பாராட்டவும் ஆள் இல்லையே! கழுவப்படாமல் கிடந்த ஃபிலிம் சுருள்கள் ஏராளம். தான் எடுத்த படத்தைத் தானே பார்க்காமல் போன மனுஷி அவர். அந்த அம்மாளை வாதத்துக்கு இழுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் படத்தில் அந்தக் குழந்தையின் கையை ஏன் வெட்டினாய்?" என்று உரிமையோடு கேட்க ஒரு ஜீவன் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன் ஐயா.

எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். வயதான தன் அப்பாவைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். ஜன்னல் வெளிச்சம், நரைத்த தாடி, பார்க்கவே அழகு. எல்லாரும் உருகிவிட்டோம். அந்த நிலாப் பெரியவர் மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, மூக்கு நுனி தெளிவா இருக்கு. கண் தெளிவா இல்லை" என்றார். 50 மி.மீ. லென்ஸில் திறப்பை அகலமாக எஃப் 1.8 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால், முழு அளவு சென்சாரில் தெளிவாக விழுகிற ஆழமே ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர்தான். மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் கண் நழுவிவிடும். அப்பா படத்தில் போய்க் குறை சொல்கிறாரே என்று எங்களில் பலருக்கு முகம் சுளித்தது. அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. பெரியவர் விடவில்லை. "அப்பா இருக்கார்ல? இன்னொரு தடவை எடுத்துடும்மா" என்றார்.

அக்கா எடுத்தார். கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தார். அந்தக் கண்ணுக்குள் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு முன்னால் கேமராவோடு நிற்கிற மகளும் சின்னதாகத் தெரிந்தார். சில மாதங்களில் அப்பா காலமாகிவிட்டார். இப்போது வீட்டில் மாட்டியிருப்பது அந்த இரண்டாவது படம். நாங்கள் எல்லாரும் "அருமை" என்று சொல்லி அனுப்பியிருந்தால் அந்தப் படமே இல்லை. எங்களுக்கு அந்த அக்கா மேல் அன்பு இல்லையா? இருந்தது. ஆனால் அவரையும் அவர் அப்பாவையும் அந்த அளவுக்கு உற்றுப் பார்த்தவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான்.

இந்த அரங்கில் இருக்கிற ஒவ்வொருவர் கைபேசியிலும் அம்மா படமோ அப்பா படமோ ஒன்று இருக்கும். தயவுசெய்து இப்போதே எடுங்கள். இரண்டு விரலால் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். தெளிவாக இல்லை என்றால், வீட்டுக்குப் போனதும் அவர்களை ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்து இன்னொன்று எடுத்துவிடுங்கள். எடுத்த படத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள், குறை இருந்தால் நான் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.