அதே மாத்திரை, அதே டோஸ்: டி.எஸ்.எச். 9.2-லிருந்து 3.1!

வணக்கம் மக்களே! மணி 5.40. இன்றைக்கு மாடித் தோட்டம் கிடையாது. நேற்று ராத்திரி ரிப்போர்ட் வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தைராய்டுக்காக எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் என் டி.எஸ்.எச். எண் 3.1! பொங்கல் வீடியோவில் ‘அக்கா, ஏன் முகம் வீங்கியிருக்கு?’ என்று கேட்டீர்களே, அப்போது 9.2.

தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் மாத்திரை அதே 50 மைக்ரோகிராம்தான், கூட்டவே இல்லை. காபியை மட்டும் தள்ளி வைத்தேன். முன்பெல்லாம் மாத்திரை போட்ட கையோடு டிகாஷன் காபி குடித்துவிடுவேன், உங்களுக்குத்தான் தெரியுமே. வயிற்றில் காபி இருந்தால் தைராக்ஸினைக் குடல் சரியாக உறிஞ்சாதாம், டாக்டர் சொன்னார். இப்போது 5.30-க்குத் தண்ணீரில் மாத்திரை, 6.30-க்குத்தான் காபி. அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே! செடிக்குத் தண்ணீர் ஊற்றி, துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டுப் பார்த்தால் மணி 5.50. பில்டரிலிருந்து வாசனை வந்துகொண்டே இருக்கும். முதல் வாரம் தலைவலியே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அப்புறம், ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிப்பதே இல்லை. தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கிறது! கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் உட்கார்ந்திருக்கிற சுரப்பியின் பெயர் அது. உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதே அதன் கையில்தான். என்னுடையது குறைவாகச் சுரக்கிறது, அதனால்தான் அந்தச் சோர்வும் குளிரும் மலச்சிக்கலும்.

‘9.2 என்றால் அதிகமாகத்தானே சுரக்குது?’ என்று அம்மா கேட்டார். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ‘இன்னும் சுரந்து கொடு’ என்று அது விரட்டும். விரட்டல் கூடக் கூட எண் ஏறும். இப்போது 3.1 என்றால் பிட்யூட்டரி கொஞ்சம் அமைதியாகிவிட்டது, அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

லேபில் 300 ரூபாய் டெஸ்டுக்குப் போனால் 1,500 ரூபாய் பேக்கேஜை எடுக்கச் சொல்லி இரண்டு முறை வற்புறுத்தினார்கள். டாக்டர் எழுதியது ஒரே டெஸ்ட், அது மட்டும் போதும் என்று நின்றேன். எரிச்சலாக இருந்தது.

அய்யோ, காபி பேச்சில் ஒன்றை விட்டுவிட்டேன். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், நான் கால்சியத்தை ராத்திரிக்கு மாற்றிவிட்டேன். முடிக்காகப் போடுகிற பயோட்டின் ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டிவிடலாம், அதனால் டாக்டரிடம் கேட்டு டெஸ்டுக்கு முன்னால் நிறுத்தினேன். இரண்டே வாரத்தில் ஏன் டெஸ்ட் எடுக்கவில்லை என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், எண் நிலைக்கு வர 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும்மா.

சரி, 6.30 ஆகிவிட்டது, பால் பொங்குகிறது. வருகிறேன்!