ஆடம்ஸ் கல்லறையில் எழுதச் சொல்லாதது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸின் ஆட்சியில் விஞ்சி நிற்பது வெளியே காத்த அமைதியா, உள்ளே போட்ட வாய்ப்பூட்டா? வாய்ப்பூட்டுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

'1800-இல் பிரான்சோடு சமாதானம் செய்யும் பொறுப்பைத் தானே ஏற்ற ஜான் ஆடம்ஸ் இங்கே உறங்குகிறார்' என்று கல்லறையில் பொறித்தால் போதும் என ஆடம்ஸ் 1815-இல் எழுதியதை எதிரணித் தலைவர் எடுத்துக்காட்டினார். உண்மைதான். அந்தச் சமாதானத்தை நானும் மதிக்கிறேன். பிரான்ஸ் அமெரிக்கத் தூதர்களிடம் லஞ்சம் கேட்டதில் நாடே கொதித்தது. கடலில் சண்டை நடந்தது. சொந்தக் கட்சியில் பெரிய தலைகள் போருக்கு நின்றார்கள். அமைச்சர்களைக் கலக்காமல் 1799 பிப்ரவரியில் சமாதானம் பேசத் தூதரை அறிவித்தாரே, அது பெரிய துணிச்சல்.

அந்தத் துணிச்சல் 1798 ஜூலை 14 அன்று எங்கே போனது? அன்றுதான் அவர் ராஜதுரோகச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசையோ, காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தையோ, அதிபரையோ கெட்ட நோக்கத்தோடு அவதூறாக எழுதினால் 2 ஆண்டுகள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். கவனியுங்கள், அந்தப் பட்டியலில் துணை அதிபர் இல்லை! ஏனென்றால் அந்த நாற்காலியில் இருந்தவர் எதிர்க்கட்சியின் ஜெஃபர்சன். சட்டம் காலாவதியாகும் நாளோ 1801 மார்ச் 3. ஆடம்ஸின் பதவிக்காலமும் அப்போதுதான் முடிகிறது. நாட்டைக் காக்கப் போட்ட சட்டத்துக்கு இப்படியா தேதி குறிப்பார்கள்?

'சொன்னது உண்மை என்று நிரூபித்தால் விடுதலை உண்டே' என்கிறார் எதிரணி நண்பர். வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயனைக் கேளுங்கள். அதிபருக்கு அதிகாரப் பசி, கேலிக்குரிய ஆடம்பர மோகம் என்று கடிதம் எழுதினார். எழுதியபோது சட்டமே பிறக்கவில்லை, அச்சில் வந்தபோது பிறந்துவிட்டது. கருத்துக்கு எந்தச் சாட்சியைக் கொண்டுவருவது? லயன் வேறு வழியின்றி நீதிபதியையே கேட்டார்: "நீங்கள் அதிபரோடு விருந்து உண்டிருக்கிறீர்களே, அந்த ஆடம்பரத்தைப் பார்க்கவில்லையா?" எளிமையைத்தான் பார்த்தேன் என்றார் நீதிபதி. தீர்ப்பு 4 மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். வெர்மான்ட்டின் குளிர்காலத்தில் வெர்ஜென்ஸ் ஊரின் சிறையில் கிடந்தார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிறைக்குள் இருந்தவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்து காங்கிரஸுக்கு அனுப்பினார்கள்!

பேச்சுரிமையை அரசியலமைப்பில் எழுதி 7 ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை, நடுவர் அவர்களே. சட்டத்தை எழுதியது காங்கிரஸ், ஆடம்ஸ் அல்ல என்பார்கள். தடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. போர் கேட்ட கட்சிக்காரர்களை எதிர்க்க முடிந்தவருக்கு, தன்னை விமர்சித்தவரைப் பொறுக்க முடியவில்லை.

1840-இல் லயனின் அபராதத்தை வட்டியோடு அவருடைய வாரிசுகளுக்குக் காங்கிரஸே திருப்பிக் கொடுத்தது. லயன் அப்போது உயிரோடு இல்லை. நன்றி, வணக்கம்.