பிக் பென்னைத் தாங்கிய சிமென்ட் பால்

[திரையில்: மணிக்கூண்டும் பக்கத்துப் பள்ளமும், வெட்டுத் தோற்றம்]

லண்டன் பிக் பென் மணிக்கூண்டுக்கு பைல் அஸ்திவாரம், அதாவது மண்ணுக்குள்ள ஆழமா இறக்கின தூண்கள், கிடையாது. 15 மீட்டர் சதுரத்தில், 3 மீட்டர் கனத்தில் ஒரு கான்கிரீட் திண்டு, அதுக்குக் கீழே மண். அவ்வளவுதான். 1990-களில் ஜூபிலி என்கிற சுரங்க ரயில் பாதைக்காக, வெறும் 34 மீட்டர் தள்ளி 39 மீட்டர் ஆழத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தைத் தோண்டினாங்க. ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு சுரங்கம் வேற.

சுரங்கம் குடையும்போது சுத்தியிருக்கிற மண் கொஞ்சம் உள்ளே நெருங்கி வரும். மேலே தரை தாழும். கட்டடம் முழுக்க ஒரே சீரா இறங்கினா பெரிய பாதிப்பில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கினாதான் கோபுரம் சாயும், ஒட்டியிருக்கிற சுவர் விரிசல் விடும்.

[திரையில்: ரப்பர் உறை மாட்டிய இரும்புக் குழாய், கிட்டத்தில்]

அதனால திண்டுக்குக் கீழே 16 இரும்புக் குழாய்களை முன்கூட்டியே செலுத்தினாங்க. சிலது 50 மீட்டர் நீளம். குழாயில் வரிசையா துளைகள், ஒவ்வொண்ணையும் வெளியே ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். எந்தத் துளை வேணுமோ, உள்ளே அதுக்கு ரெண்டு பக்கமும் அடைப்பான் வெச்சு சிமென்ட் பாலை அழுத்துவாங்க. ரப்பர் விரியும், பால் மண்ணுக்குள்ள போகும், திண்டு நூலளவு எழும்பும். முடிஞ்ச கையோட குழாயைத் தண்ணி விட்டுக் கழுவணும். மறந்தா உள்ளேயே இறுகிடும்; அந்தக் குழாய் அப்புறம் உதவாது.

ஒரே தடவை நிறைய ஏத்திட்டா வேலை முடிஞ்சுடுமேன்னு தோணும். முடியாது. அழுத்தின களிமண்ணிலிருந்து தண்ணி மெதுவா வெளியேற, தூக்கினதுல ஒரு பங்கு திரும்ப இறங்கிடும். அளவு மீறினா கட்டடம் மேல்நோக்கி வளைஞ்சு விரிசல் விடும். சுரங்கம் குடையுற முனை நேர் கீழே இருக்கும்போது அழுத்தினா, புதுசா கட்டின சுரங்கச் சுவர்தான் நசுங்கும்.

அதனால 1996 ஜனவரியிலிருந்து 1997 செப்டம்பர் வரை 24 தவணை. மொத்தம் 122 கன மீட்டர். நம்ம ஊர் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் பத்து லோடு. எப்போ அழுத்தணும்னு சொன்னது ஒளியால் ஆன ஒரு தூக்குக்குண்டு: 55 மீட்டர் உயரத்தில் கோபுரம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்குன்னு அது காட்டும். வெயில்பட்டாலே கோபுரம் லேசா அசையும், அதைக் கழிச்சுப் பார்க்கத் தெரியணும்.

எதுவும் செய்யாம விட்டிருந்தா அந்த உயரத்தில் சாய்வு 120 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும்னு கணக்கு. சிமென்ட் பால் அழுத்துறதை நிறுத்தின பிறகும் களிமண் கொஞ்ச காலம் இறங்கிக்கிட்டேதான் இருந்தது. சாய்வு 35 மில்லிமீட்டர் வரை போச்சு.