நாவல்பழ நிறத்தில் ஒரு கிருமி

வணக்கம். லேப்பில் இருந்து இப்போதுதான் வந்தேன். சேறு, குளத்துத் தண்ணீர் என்று வெளியில் வாழும் கிருமி ஒன்று நோயாளியின் சாம்பிளில் வந்து நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று இன்று சொல்கிறேன்.

பெயர் குரோமோபாக்டீரியம் வயலேசியம். வெப்பமான நாடுகளில் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருப்பது. மனிதருக்கு நோய் தருவது ரொம்ப அபூர்வம். ஆனால் இரத்தத்தில் ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மனிதரிடம் முதன்முதலில் பதிவானது 1927இல், மலாயாவில்.

சில வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த ஒரு லேப்புக்குச் சீழ் சாம்பிள் ஒன்று வந்தது. படிவத்தில் "காலில் புண்" என்று மட்டும் இருந்தது. மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்து, கிருமியை வளர்க்கும் பிளேட்டைக் கையில் எடுத்தேன். நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில், பளபளவென்று உருண்டை உருண்டையாகக் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள். "கன்டாமினேஷன், வெளிக்கிருமி கலந்திருக்கு, தூக்கிப் போட்டுடுங்க" என்றார் கூட இருந்தவர். எனக்கு மனசு வரவில்லை. வார்டுக்குப் போன் செய்து கேட்டேன். நாற்று நடும்போது சேற்றுக்குள் ஏதோ குத்தியிருக்கிறது. அடுத்த நாள் அந்த நோயாளியின் இரத்தத்தை வளர்த்துப் பார்த்த கல்ச்சரிலும் அதே ஊதா.

நிறம்தான் தெரிகிறதே, அப்புறம் என்ன என்று தோன்றும். சிக்கலே அந்த நிறம்தான். கிருமியில் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறதா என்று பார்ப்பது ஆக்சிடேஸ் டெஸ்ட். காலனியை மருந்து தடவிய காகிதத்தில் தேய்த்தால், நொதி இருந்தால் சில நொடிகளில் ஊதா வர வேண்டும். காலனியே ஊதாவாக இருந்தால் எதைப் பார்ப்பது? வயலேசின் என்கிற அந்தச் சாயம் உண்டாக ஆக்ஸிஜன் வேண்டும். அதனால் காற்றில்லாத ஜாருக்குள் வைத்து வளர்த்தால் காலனி வெளுத்து வரும். அதை எடுத்து டெஸ்ட் போட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சாயமே இல்லாத ரகமும் உண்டு. அதை ஏரோமோனாஸ் என்றோ விப்ரியோ என்றோ, தண்ணீரில் வாழும் வேறு கிருமிகளின் பெயரில் எழுதிவிட வாய்ப்பு அதிகம். நான் மால்டோஸ் என்ற சர்க்கரையும் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் போட்டுப் பார்ப்பேன். ஏரோமோனாஸ் பெரும்பாலும் இரண்டையும் புளிக்க வைக்கும், இது வைக்காது. கிருமியின் புரதங்களை வைத்து அடையாளம் காணும் மால்டி-டாஃப் இயந்திரம் இருந்தால் சில நிமிடங்களில் பெயர் வந்துவிடும். சரி, அது எல்லா ஊரிலும் கிடையாதே.

பெயர் தெரியாவிட்டால் மருந்து தவறிப்போகும். பென்சிலினுக்கும் பல செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் இது மசியாது. சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் கேட்கும். கல்லீரலிலும் நுரையீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும், ஆறிய பிறகும் திரும்ப வரும். அதனால்தான் வாரக்கணக்கில் மருந்து கொடுக்கிறார்கள்.

சாம்பிள் அனுப்பும் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். "காலில் புண்" என்பதோடு நிறுத்தாமல், அடிபட்ட இடம் வயலா, குளமா, வாய்க்காலா என்று படிவத்தில் ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கள்.