ஒட்டடை அடிக்கிறதுக்கு முன்னாடி வலையைப் பாருங்க

வணக்கம் மக்களே! இன்னிக்கு சிங்கப்பூர்ல செம்பவாங் பக்கம் ஒரு பழைய கறுப்பு-வெள்ளை வீட்டுக்கு அடியில இருந்து பேசறேன். பிரிட்டிஷ்காரங்க காலத்து வீடு. காத்து ஓடணும், தரை ஈரம் மேல ஏறக்கூடாதுன்னு தூண் மேல தூக்கிக் கட்டியிருக்காங்க. பூச்சிக்கட்டுப்பாடுதான் என் தொழில். இந்த மாதிரி வீட்ல இருக்கறவங்க முதல்ல கேக்கறது, "அண்ணே, எட்டுக்கால் பூச்சி ரொம்ப இருக்கு, மருந்து அடிங்க"ங்கறதுதான்.

அடிக்கலாம். ஆனா சிலந்தி சும்மா வந்து குடியேறாதுங்க. சாப்பாடு இருக்கற இடத்துலதான் வலை கட்டும். அதனால ஒட்டடைக் கம்பை எடுக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு வலையில என்ன மாட்டியிருக்குன்னு பாருங்க.

இதோ, கேமராவைக் கிட்ட கொண்டு போறேன். கண்ணாடித்தாள் மாதிரி இறகு தெரியுதா? ஈசல் இறகு. நாலும் ஒரே நீளம். பறக்கற எறும்பா இருந்தா முன் இறகு பெருசா, பின் இறகு சின்னதா இருக்கும். அப்ப இது கரையான். மழை விட்ட சாயங்காலம் வெளிச்சத்தைத் தேடிப் பறந்து வந்திருக்கு. பக்கத்துல எங்கயோ புத்து இருக்குன்னு அர்த்தம். உடனே தூண்ல பாருங்க, பென்சில் பருமனுக்கு மண் கோடு மேல ஏறுதான்னு. ஏறினா அதுமேல ஸ்ப்ரே மட்டும் அடிச்சுடாதீங்க, தயவுசெஞ்சு! கலைச்சு விட்டா வேற வழியா மேல போயிடும். தேசிய சுற்றுப்புற வாரியத்துல பதிவு பண்ணின ஆளுங்களைக் கூப்பிடுங்க. மண்ணைத் தொட்டுக்கிட்டு இருக்கற பழைய பலகை, அட்டைப்பெட்டி எல்லாத்தையும் அன்னிக்கே வெளியேத்துங்க.

வலையில கொசு நிறைய இருந்தா தண்ணி தேங்கியிருக்கு. ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவா வர கிட்டத்தட்ட 7 நாள்தான். வாராவாரம் லோங்காங் (சாக்கடை), பூந்தொட்டித் தட்டு பார்க்கணும். தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாது, தேய்ச்சுக் கழுவணும். முட்டை காஞ்சு போயும் மாசக்கணக்கில உயிரோட ஒட்டிக்கிட்டு இருக்கும்.

அந்துப்பூச்சி, சின்னச் சின்ன ஈயா இருந்தா விளக்கை மாத்துங்க. வெள்ளை வெளிச்சத்துக்கு வர்ற அளவு மஞ்சள் எல்இடிக்கு வராது.

அடுத்தது வலைக்கம்பி. சிலர் வீட்டுக்கு அடியில இருக்கற இடைவெளியைச் சுத்தி சிமெண்ட் பூசி அடைச்சுடறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. காத்து நின்னா ஈரம் தங்கும், ஈரம் கரையானுக்குக் கொண்டாட்டம். துருப்பிடிக்காத எஃகு வலை போடுங்க, கண் 6 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். எலியும் வராது, காத்தும் போகும். பைப் நுழையற ஓட்டையை மட்டும் சிமெண்ட் வச்சு அடைங்க.

இவ்வளவும் பண்ணினப்புறம் ஒட்டடை அடிங்க, முட்டைப் பையோட சேர்த்து. மாஸ்க், கையுறை இல்லாம அடியில போகாதீங்க, எலி மூத்திரத்துல நோய்க்கிருமி இருக்கும். வலை கட்டாம சுவத்துல ஓடற பெரிய எட்டுக்கால் பூச்சியை விட்டுடுங்க. அது கரப்பான் புடிச்சுத் தின்னும், நம்மளை ஒண்ணும் பண்ணாது.

எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி வீடு) கீழ்மாடியில இருக்கறவங்களும் வாசல் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி இதே மாதிரி பாருங்க. என்ன இறகுன்னு தெரியலைன்னா, பக்கத்துல ஒரு காசை வச்சுப் படம் எடுத்து அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்.