ஒருவரை மட்டும் ஏற்றிய ஹெலிகாப்டர்

வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, மலைமேல் இருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே, முன் வரிசையில் இருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். இரண்டு மணி நேரம் முன்பே வந்து நாற்காலி போட்ட தம்பிகளுக்குத் தனி வணக்கம்.

அமெரிக்க ராணுவத்தின் முதல் சிறு ஹெலிகாப்டர்களைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: அவை பிறந்த கதை, போருக்குப் போன கதை, அவற்றைப் பழுது பார்த்த மெக்கானிக்குகளின் கதை. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். என் பேச்சு முழுக்க அதுதான்.

இகோர் சிகோர்ஸ்கி 1939 செப்டம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தில், கயிறு கட்டிய நிலையில், தன் ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து கிளப்பினார். அதன் வழிவந்த எக்ஸ்ஆர்-4 1942 ஜனவரியில் பறந்தது. அந்த மே மாதமே 761 மைல் பறந்து ஒஹாயோவில் ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது. ஆர்தர் யங் என்ற இன்னொரு கண்டுபிடிப்பாளர் பன்னிரண்டு ஆண்டுகள் பொம்மை அளவு மாதிரிகளையே பறக்கவிட்டுப் பார்த்தார். மேல் விசிறிக்குக் குறுக்கே, முனைகளில் எடை வைத்த ஒரு கம்பியைப் பூட்டினார். தள்ளாடிய ஊர்தி நிதானப்பட்டது. பெல் நிறுவனத்தின் எச்-13 அந்தக் கம்பியோடுதான் வந்தது. ஸ்டான்லி ஹில்லர் 1944-இல் தன் ஹெலிகாப்டரைப் பொதுமக்கள் முன் ஓட்டிக் காட்டியபோது அவருக்கு வயது 19. மாணவர்களே, பத்தொன்பது!

இனி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1944 ஏப்ரல், பர்மா. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மூவரை ஏற்றி வந்த ஒரு சிறு விமானம் ஜப்பானியர் பிடியில் இருந்த பகுதிக்குள் விழுந்துவிட்டது. விமானியும் மூவரும் காட்டில். சுற்றிலும் எதிரி. விமானம் இறங்க இடமில்லை. நம் அசாமின் லாலாகாட்டில் இருந்த கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் லெஃப்டினன்டுக்கு ஆணை போனது. அவரிடம் இருந்ததோ எக்ஸ்ஆர்-4-இன் வழிவந்த ஒய்ஆர்-4 ஹெலிகாப்டர். ஓட்டுபவரைத் தவிர ஒரே ஒருவரைத்தான் தூக்கும்! அசாமிலிருந்து கிளம்பி, மலை தாண்டி, இடையிடையே இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போனார். முதலில் ஒருவரைத் தூக்கி ஆற்று மணல் திட்டில் விட்டார். அங்கிருந்து சிறு விமானம் கொண்டு போனது. திரும்பினார், இரண்டாமவரைத் தூக்கினார். எஞ்சின் கொதித்துவிட்டது. அன்றிரவு அந்த மணலிலேயே கிடந்தார். விடிந்ததும் மற்ற இருவரையும் ஒவ்வொருவராக மீட்டார். நால்வரும் பிழைத்தார்கள் ஐயா! சிறு துரும்புதான்.

கொரியப் போரில் 1951 தொடங்கி ராணுவத்தின் எச்-13, ஹில்லரின் எச்-23 ஆகியவை ஸ்ட்ரெச்சர்களை வெளியே சறுக்குக் கால்களின் மேல் கட்டிக்கொண்டு 17,000-க்கும் மேற்பட்ட காயம்பட்டோரைச் சுமந்தன. இரண்டாம் உலகப்போரில் மருத்துவமனை சேர்ந்த காயம்பட்டோரில் நூற்றுக்கு 4.5 பேர் இறந்தார்கள். கொரியாவில் அது 2.5. போர்முனைக்கு அருகிலேயே அறுவை சிகிச்சைக் கூடாரம் இருந்ததும் காரணம். ஆனால் கூடாரம் வரை யார் கொண்டு வந்தது?

ஹார்மனுக்குக் கடைசியில் வேண்டியிருந்தது என்ன? ஒரு மணல் திட்டு. நம் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு காலி மனை கிடக்கிறது. அதில் கடைகள் கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. கட்டாதீர்கள் என்று கை கூப்பிக் கேட்கிறேன். பிரசவ வலியில் தொட்டில் கட்டித் தூக்கிவரப்பட்ட பெண்களை மேல் ஊர்க்காரர்கள் அறிவார்கள். மருத்துவர் அம்மாவும் அறிவார். மரத்தையும் மின்கம்பியையும் ஒதுக்கி, தரையைச் சமன் செய்து, நடுவில் வெள்ளை வட்டம் போட்டு வைப்போம். பெரிய ஹெலிகாப்டர் வர வேண்டாம். சிறு துரும்பு இறங்கினால் போதும்.

மெக்கானிக்குகளைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசலில் உள்ள மேசை மேல் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். மேல் ஊர்க்காரர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அவர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும்.